இறக்கிட்டு ஏத்து

எங்கள் அலுவலகம் சிங்கப்பூரில், தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. கீழே மளிகைக் கடை. மதியமானால் பெருங்காய வாசனை படியேறி வந்து எங்கள் மேசைகளில் உட்கார்ந்துகொள்ளும். சுற்றுவட்டாரக் கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. அங்கே நான்தான் மூத்தவள், வயதிலும் சரி, கத்துவதிலும் சரி.

புதிதாக ஒரு பெண் கும்பகோணத்திலிருந்து வந்து எங்களிடம் சேர்ந்தாள். முதல் நாளே, நான் கேட்காமலே, கதை முழுவதையும் கொட்டிவிட்டாள். இப்போதைக்கு புரொபேஷன்தான். வேலை உறுதியானால் கணவரையும் நாலு வயது மகளையும் இங்கே அழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு இவளே திரும்ப வேண்டியதுதான். சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து மகளோடு வீடியோவில் பேசுவாள். "எப்பம்மா?" என்று அந்தக் குழந்தை கேட்பதும், "சீக்கிரம்டா தங்கம்" என்று இவள் சொல்வதும் என் மேசை வரை கேட்கும். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிடும். அதை மறைக்கத்தான் அவளை இரண்டு மடங்கு விரட்டினேன் என்று நினைக்கிறேன். பாவம், அவளுக்கு அது எப்படித் தெரியும்?

எங்கள் வேலை முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடைக்காரரின் தளத்தை நேராகத் தொட மாட்டோம். ஆளுக்கொரு நகலை அவரவர் மடிக்கணினிக்குள் கன்டெய்னர் என்கிற மென்பொருள் பெட்டிகளில் ஓட விடுவோம். பக்கங்களுக்கு ஒரு பெட்டி, சரக்கு விவரங்களுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதில் எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம், வெளியே ஒருவருக்கும் தெரியாது. சரியாக வந்தபிறகு எல்லாருக்கும் பொதுவான இடத்தில் சேர்த்துவிடுவோம். சேர்த்த கையோடு, வாடிக்கையாளருக்குக் காட்டுகிற தளம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டிகள் படுத்துகிற பாடு இருக்கிறதே, அப்பப்பா! அவள் வந்த வாரம் ஒன்றுமே ஓடவில்லை. பார்த்தால், படிப்பதற்காக என்றைக்கோ போட்ட ஒரு டேட்டாபேஸ் அவள் கணினியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பெட்டிக்கு வேண்டிய போர்ட் என்கிற வாசலை அது பிடித்து வைத்திருந்தது. தேக்கா உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிக்கிறார்களே, அந்த மாதிரி. "ஆளே இல்லாத இடத்துக்கு யாருக்கா டிஷ்யூ வச்சது?" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. காத்தோங் பிள்ளையார் கோயிலில் எங்கள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மதியம் நகைக்கடை முதலாளி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து தன் புதிய தளத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. வேலையெல்லாம் முன்தினமே முடிந்து, பொது இடத்தில் பத்திரமாக இருந்தது. அவளிடம் விட்டிருந்தது அதே தளத்தில் அடுத்த வாரத்துக்கான சின்ன மாற்றம். நிம்மதியாகப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

மணமேடைக்கு எல்லாரும் வருகிற நேரம் பார்த்து அவள் அழைத்தாள்.

"அக்கா, முகப்புப் பக்கத்துல என்ன மாத்தினாலும் தெரிய மாட்டேங்குதுக்கா. பழசே வருது."

"கன்டெய்னர் ஓடுதா?"

"ஓடுது. எரரே இல்ல."

எரர் காட்டுகிற கோளாறையாவது நம்பலாம். எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மக்கர் பண்ணுகிறதே, அதுதான் பொல்லாதது. அதற்கு எங்கள் ஊர் கைவைத்தியம் ஒன்றுதான்: ஓடுகிற பெட்டிகளை நிறுத்தி இறக்கிவிட்டு, மறுபடி கிளப்புவது. அலுவலகத்தில் இருந்திருந்தால் "டவுன் பண்ணிட்டு அப் பண்ணு" என்று சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சுற்றிலும் சொந்தக்காரர்கள். வாயில் தமிழே வந்தது.

"மொதல்ல எல்லாத்தையும் இறக்கிட்டு ஏத்து."

"இறக்கிட்டு... ஏத்திரவா? இன்னும் முடிக்கலயேக்கா."

"முடிக்காட்டி என்னம்மா? ஏத்தினாத்தானே தெரியும்!"

"எல்லாருக்கும் தெரிஞ்சிருமேக்கா..."

அந்தக் கடைசி வார்த்தையை மேளம் விழுங்கிவிட்டது. தாலி கட்டப் போகிறார்கள். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "ஏத்துன்னா ஏத்தேன்மா!" என்று கத்தினேன். குத்துவிளக்குப் பக்கத்தில் நின்ற பெரியம்மா திரும்பி, "காலையிலயே ஏத்தியாச்சுடி, ஏன் இப்படிக் கத்துற?" என்றார்.

நான் சொன்னது ஒன்று. அவள் கேட்டது வேறு. கும்பகோணத்தில் அவளும் அவள் தோழிகளும் டவுன்லோடு செய்வதை 'இறக்கிறது' என்பார்களாம், அப்லோடு செய்வதை 'ஏத்துறது' என்பார்களாம். அதனால் அவள் பொது இடத்தில் இருந்ததைத் தன் கணினிக்கு இறக்கினாள். பிறகு தன் அரைகுறை வேலையைப் பொது இடத்துக்கே ஏற்றிவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க, நாங்கள் எல்லாருமே பக்கத்தின் தலையில் எதையாவது பெரிதாக எழுதிப் பார்ப்போம். நான் என் பெயரை எழுதுவேன். அவள் காலையிலிருந்து எழுதி எழுதிச் சலித்துப்போய், கொட்டை எழுத்தில், சிவப்பு நிறத்தில் எழுதியிருந்தது இது: "இப்பவாவது வாடா சனியனே."

எங்கள் பாஸ் சீனர். அவருக்குத் தெரிந்த தமிழ் தோசைக்கடை வரைக்கும்தான். அவர் பெருமையாகப் பெரிய திரையில் நகைக்கடையின் தளத்தைத் திறந்து, முதலாளியின் முகத்தைப் பார்த்தாராம். முதலாளி, நெற்றியில் விபூதியோடு வந்தவர், எழுந்து நின்றுவிட்டாராம். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, தங்கம் விக்கிற எடத்துல, வாடான்னு வேற கூப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார். அந்த எழுத்து ஏதோ பண்டிகை வாழ்த்து என்றுதான் எங்கள் பாஸ் அதுவரை நினைத்திருந்தார்.

எனக்குத் தகவல் வந்தபோது இலையில் பாயசம் விழுந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டு டாக்சி பிடித்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டினேன். நடுவிலே நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். அப்புறம் டாக்சிக்காரர் பயந்துபோய்க் கண்ணாடியில் பார்க்கும் அளவுக்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

நான் மேலே போனபோது அவள் பழையபடி எல்லாவற்றையும் மீட்டு வைத்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. மூல காரணத்தையும் கண்டுபிடித்திருந்தாள். ஒரே வேலையின் நகல் அவள் கணினியில் இரண்டு ஃபோல்டர்களில் இருந்திருக்கிறது. கன்டெய்னர் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றை, இவள் எழுதிக்கொண்டிருந்தது மற்றொன்றில். நான் சொன்னபடி இறக்கி ஏற்றியிருந்தால்கூட ஒரு மண்ணும் நடந்திருக்காது.

முதலில் நகைக்கடைக்குப் போன் போட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் திட்டியது கணினியை, உங்களை அல்ல என்றேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க பில் போடுற மெஷினை நான் தெனமும் அந்தப் பேரச் சொல்லித்தாம்மா கூப்பிடுறேன். ஆனா போர்டுல எழுதி மாட்ட மாட்டேன்லா" என்றார். புதன்கிழமை வருவதாகச் சொன்னார்.

பாஸ் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். அவர் முன்னால் அவளுடைய புரொபேஷன் கோப்பு இருந்தது. அடுத்த வாரம் எடுக்க வேண்டிய முடிவை இன்றே எடுத்துவிடலாம் என்றார். முடியாத வேலையைப் பொது இடத்தில் போடச் சொன்னது யார் என்று கேட்டார்.

"என் தப்புதான் சார்" என்றாள் அவள், நான் வாயைத் திறக்குமுன்.

"நீ சும்மா இரு!" என்று தமிழில் ஒரு அதட்டல் போட்டேன். பிறகு ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னேன். அவள் ஏற்றட்டுமா என்று கேட்டாள், முடிக்கவில்லை என்றும் சொன்னாள், நான்தான் ஏற்று என்று கத்தினேன். நான் பெட்டிகளை நிறுத்திக் கிளப்பச் சொன்னேன். அவளுக்குக் கேட்டதோ டவுன்லோடு, அப்லோடு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இதைக் கேட்டு எந்த முதலாளி ஒப்புக்கொள்வார்? சாக்கு மாதிரிதானே இருக்கிறது?

பாஸ் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரே சொல்லா?" என்று கேட்டார். மாண்டரினில் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார். கீழே என்று ஒரு கைச்சாடை, மேலே என்று ஒரு கைச்சாடை. பிறகு, "ஐயோ, எங்க பாஷையும் அப்படித்தான் லா" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சீனத்திலும் கீழே இறங்குவதற்கும் டவுன்லோடுக்கும் ஒரே 'சியா'வாம், மேலே ஏறுவதற்கும் அப்லோடுக்கும் ஒரே 'ஷாங்'காம். அவர் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் இதே குழப்பத்தில் ஒரு மதியம் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறார்.

சிரித்து முடித்ததும் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். இனி இந்த அலுவலகத்தில் கட்டளை என்றால் ஆங்கிலத்தில்தான், கல்யாண வீட்டில் இருந்தாலும் சரி என்றார். அவளிடம், ஃபோல்டர் கோளாறை நீயேதான் கண்டுபிடித்தாயா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் கோப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் படிக்கட்டுக்கு வந்தோம். அவள் அழவில்லை. நேராக ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டாள். போனை எடுத்தது குழந்தைதான். ஊஞ்சலில் இருந்தது போல, முகம் வருவதும் போவதுமாக இருந்தது.

"பாப்பா, அம்மாவுக்கு வேலை நெசமாயிருச்சுடா. நீயும் அப்பாவும் இங்க வரப்போறீங்க."

குழந்தை ஊஞ்சலை நிறுத்தவில்லை.

"வரப்போறேடா தங்கம், நெசமாத்தான்! இந்தா பாரு, பெரியம்மாகிட்ட வேணா கேளு" என்று போனை என் பக்கம் திருப்பினாள்.

நான், கத்திக் கத்தியே காலம் தள்ளியவள், அந்த நேரம் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். குழந்தை பட்டுப்புடவையில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மூஞ்சியைத் திரையோடு ஒட்டிக்கொண்டு அம்மாவிடம் கேட்டாள்.

"அப்ப இன்னிக்கு 'சீக்கிரம்'னு சொல்ல மாட்டியா?"