டீசலின் கொட்டாங்குச்சி

மணலி டேங்கர் லாரி ஸ்டாண்டில் மலர்க்கொடிக்குப் பேசுவதுதான் வேலை. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக ஒரு தொண்டு நிறுவனம் அவளை அமர்த்தியிருந்தது. தொட்டால் பரவாது, ஒரே தட்டில் தின்றால் பரவாது என்று டிரைவர்களிடம் நாளைக்கு நாற்பது முறையாவது சொல்வாள். யாரும் நம்பாததால் 2001இல் ஒருநாள், தனக்கு அந்த நோய் இருப்பதை மறைக்காத டிரைவர் தாமோதரன் பாதி குடித்து வைத்த டீயை எல்லார் முன்னாலும் எடுத்துக் குடித்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அவன் லாரிக்கு அடியில் அகப்பட்ட கறுப்புப் பூனைக்குட்டிதான் டீசல். விம்கோ நகரில் அவள் வீட்டில் வளர்ந்து, தெருவையே மிரட்டும் கடுவனாகியது. தினம் ஒரு சண்டை, தினம் ஒரு காயம். 2004இல் ஈறு வீங்கி எச்சில் ஒழுக, மீனைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேப்பேரியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, மனிதருக்கு எச்.ஐ.வி. மாதிரி பூனைக்கு வரும் வைரஸ் இது என்றார். சண்டையில் ஆழமாகக் கடிபட்டால் தொற்றும், மனிதருக்கு வராது, கருத்தடை செய்து வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் பல வருஷம் வாழக்கூடும் என்றும் சொன்னார். முதல் வாக்கியத்துக்கு மேல் எல்லாம் காதில் விழுந்தும் மலர்க்கொடிக்கு மனதில் ஏறவில்லை.

அன்றைக்கே டீசலின் சாப்பாடு வாசலுக்கு வெளியே போனது, ஒரு கொட்டாங்குச்சியில். மூன்றாம் நாள் பூனையைக் கோணிப்பையில் கட்டி ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தாள். எண்ணூர்ப் பக்கம் போகும்போது எங்கேயாவது விட்டுவிடும்படி தாமோதரனிடம் கேட்டாள். காரணத்தைக் குரல் தாழ்த்திச் சொன்னாள்.

அவன் பையை அவிழ்த்துப் பூனையின் காதைச் சொறிந்தான். சோறு எதில் வைக்கிறாள் என்று கேட்டான். சொன்னாள்.

"என் கிளாஸ்ல வாய் வச்சி டீ குட்ச்சியேக்கா. இதுக்கு மட்டும் கொட்டாங்குச்சியா?"

அவள் கோணிப்பையின் வாயைத் திரும்பக் கட்டப் போனாள். அவன் தடுத்தான்.

"டாக்டர் இன்னாதான் சொன்னாரு?"

கடித்தால்தான் பரவும், நமக்கு வராது என்று தொடங்கினாள். டிரைவர்களுக்குச் சொல்லும் அதே ராகத்தில் வார்த்தைகள் வந்தன. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தாத. நமக்குத்தான் மனப்பாடமாச்சே," என்றான் தாமோதரன்.

கோணிப்பையை அவன் திருப்பித் தரவில்லை. டீக்கடையிலிருந்து ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி வாங்கி, ஸ்க்ரூ டிரைவரால் நாலு பக்கமும் ஓட்டை போட்டுக் கொடுத்தான். டீசல் அதற்குள்ளிருந்து உறுமியபடியே, மலர்க்கொடி மடியில், கருத்தடைக்காக வேப்பேரிக்கு பஸ் ஏறியது.