தம்பிக்கு மட்டும் மாதுளை

"தினமும் மாதுளை சாப்பிடுங்க. அதுல ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்கு. உடம்புல செல்லு சேதமாகாமப் பாத்துக்கும்" என்று டாக்டர் சொன்னதால், முதன்முறையாக எனக்கென்று ஒரு மாதுளை வாங்கினேன். பிளந்ததும் எழுந்த துவர்ப்பு வாசனையில், நெய்வேலியில் நாங்கள் இருந்த பழைய குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்தது.

டைபாய்டில் படுத்தெழுந்த தம்பி சேவியருக்காக, அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வரும்போது மாதுளை வாங்கி வருவார். அம்மா முத்துகளை உதிர்த்துக் கிண்ணத்தில் தருவாள். அவன் உதடு சிவக்கச் சிவக்க மெல்வதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

"எனக்குப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்கு என்னம்மா, நீ நல்லாத்தான இருக்கே" என்றார் அப்பா.

எனக்கும் காய்ச்சல் வரவேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

ஒரு சாயங்காலம் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து, அவன் கட்டிலருகே நின்று கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேவியர் தலை நிமிராமல் சொன்னான்: "நீ ரோட்டுல பெல் அடிச்சிகினு போறது இங்க கேக்கும். அப்பல்லாம் நீ கீழ வுழணும்னு வேண்டிக்குவேன்க்கா."

எனக்குக் கோபம் வரவில்லை. அவனைக் கேரியரில் உட்காரவைத்து, எங்கள் தெருவை ஒரு சுற்று தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவன் நேரே போய் மிச்ச முத்துகளையும் தானே தின்று முடித்தான்.

இப்போது முழுப் பழமும் என்னுடையது. ஆனாலும் அவன் தின்றதுதான் அதிகம் இனித்திருக்கும் என்று தோன்றுகிறது.