சுவரில் தொங்கிய முகம்

ரோக்காவெர்தே நகரில், தப்பியோடிய துரோகியைச் சுவரில்தான் தூக்கிலிடுவார்கள். நகரை ஆளும் மன்றத்தின் கட்டட வெளிச்சுவரில், ஒற்றைக் காலில் தலைகீழாய்த் தொங்குவதாக அவனை வரைய வேண்டும் என்பது சட்டம்.

மெசர் பால்தோ, ஒரு கோபுர வீடும் இரண்டு ஒலிவத் தோப்புகளும் மட்டுமே மிஞ்சிய சிறு பிரபு. அவருடைய அண்ணன் நெரி, மன்றத்தைக் கவிழ்க்கச் சதி செய்து அகப்படாமல் ஓடிவிட்டான். அவனை வரையப் பணிக்கப்பட்ட ஓவியர் சாந்தி, நெரியைக் கண்டதே இல்லை. சகோதரர் இருவரும் ஒரே அச்சு என்று யாரோ சொல்ல, மன்றம் பால்தோவை மாதிரியாக உட்கார அழைத்தது. மறுத்தால் அவரும் சதிகாரர்.

உட்கார்ந்தார்.

"கழுத்தக் கொஞ்சம் தொங்கப் போடுங்க மெசர். ரத்தம் மூஞ்சியில எறங்குன மாதிரி இருக்கணும்," என்றார் சாந்தி.

பால்தோ ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: இடப்புருவத்தில் ஒரு தழும்பு வரைய வேண்டும். அது நெரிக்கு மட்டுமே உண்டு. அந்த ஒரு கோடு தம்மைக் காக்கும் என நம்பினார்.

காக்கவில்லை. சந்தைக்கு வருபவர்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். "எப்ப மெசர் கீழ எறங்குனீங்க?" என்று வெங்காயக்காரி கேட்காத நாளில்லை. மகள் பீப்பாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், சுவரைப் பார்த்துவிட்டுப் படியேறாமலே திரும்பினார்கள்.

மன்றம் இரண்டு மாதத்துக்கொருமுறை மாறும். ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்து அலைந்தபின், ஒரு மன்றம் இரங்கியது. தங்கள் பதவிக்காலம் முடிவதற்குள் ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம் என்றது. பால்தோ ஆளோடும் ஏணியோடும் சதுக்கத்துக்குப் போனார். சுவரடியில் அவருடைய தாய் மொன்னா தெஸ்ஸா, தலையைத் தோள்வரை சாய்த்து, மேலே பார்த்தபடி நின்றிருந்தாள். தேவாலயப் பூசைக்குப் போகிறவள் ஏன் எப்போதும் தாமதமாகவே வீடு திரும்புகிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"அது என் மூஞ்சிம்மா."

"தெரியும்டா. தழும்பு அவனோடது. இதையும் அழிச்சிட்டா, நான் அவன எங்க போய்ப் பாப்பேன்?"

சுண்ணாம்புக்காரனைத் திருப்பி அனுப்பினார். அன்று முதல் பீப்பா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வசந்தத்தில் கன்னிமாடம் புகுந்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் தாய் இறந்தாள். பால்தோ மீண்டும் மனுக் கொடுத்தார். கொடுத்த சலுகையை உதறியவருக்கு இன்னொன்று இல்லை என்றது புதிய மன்றம்.

அதன்பின் அவர் கேட்கவில்லை. பூசை முடிந்து வரும் வழியில் சுவரடியில் நிற்பார். மழையில் நனைந்து நனைந்து முகம் மங்கிவிட்டது. சாந்தி தனியாக அழுத்தி வரைந்த தழும்பு மட்டும் தெரிந்தது. அதைப் பார்க்க அவரும் தலையைத் தோள்வரை சாய்த்துக்கொள்வார்.