மாமியார் கையில் ஒரு டம்ளர்

“ஏழாம் வரிசை, பிசிறு வெட்டுபவர். படிப்பு: ஆறாம் வகுப்பு. மொழி: ஸ்பானிஷ் மட்டும். அமைதியானவர். அலுவலர்கள் பேச்சில் கவனம் சிதறாதவர்.”

மத்திய அமெரிக்க ஊரான வில்லா நுவேவாவில் கொரியர்கள் நடத்தும் கால்சட்டைத் தொழிற்சாலையின் பதிவேடு எலுவியா சித்தாயைப் பற்றி இப்படிச் சொல்கிறது. இதில் வரிசையும், நூல் பிசிறும், ஆறாம் வகுப்பும் மட்டுமே உண்மை. அவர் வீட்டில் பேசுவது கக்சிகேல் என்ற பழங்குடி மொழி. எழுத்தர் அதை ஒரு மொழியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அமைதியைப் பற்றி அவர் ஏறும் பேருந்தின் நடத்துநரிடம் கேட்கலாம். அந்த மனிதர் எலுவியாவின் வாய்க்குப் பயந்து இரண்டு முறை வழித்தடம் மாற்றிக்கொண்டவர்.

இதற்கு முன் எலுவியா வேலை பார்த்த இன்னொரு கொரியத் தொழிற்சாலை, ஈஸ்டர் விடுமுறை முடிந்து திரும்பியபோது பூட்டிக் கிடந்தது. உள்ளே ஒரு தையல் இயந்திரம்கூட இல்லை. அண்ணி நினெத்திடம் அவர் பொருமியது வேலை போனதற்காக அல்ல.

“என் தலைக்கு மேலயே நின்னு அரை மணி நேரம் பேசுனானுங்க அண்ணி. மூடப்போறதத்தான் பேசியிருக்கானுங்க. நான் பாட்டுக்கு பிசிறு வெட்டிக்கிட்டு இருந்தேன்.”

இனி ஒருமுறை அப்படி நடக்கக் கூடாது. அதற்காகத்தான் கொரிய நாடகங்கள். காதலில் அவருக்கு நம்பிக்கை கிடையாது; நாயகன் குடை பிடித்தால் கொட்டாவி விடுவார். பழைய மடிக்கணினியில் இரட்டை வசன வரி காட்டும் உலாவி நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்று வேண்டும்: மேலே கொரியம், கீழே ஸ்பானிஷ். இணையத்தில் ஆயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். விடிகாலை நாலரைக்கு எழுந்து வேலைக்குப் போகாதவர்களின் நட்சத்திரங்களை எலுவியா நம்புவதில்லை. தக்காளியை அழுத்திப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் ஒரே காட்சியில் சோதித்தார். பணக்கார மாமியார் ஏழை மருமகளைத் திட்டிவிட்டு, முகத்தில் தண்ணீரை வீசும் காட்சி.

முதல் நீட்சியில், மருமகள் நனைந்து, முகம் துடைத்து, வாசலைத் தாண்டிய பிறகுதான் ஸ்பானிஷ் வசவு வந்து சேர்ந்தது. இரண்டாவது, ஒவ்வொரு வசனத்துக்கும் தானாக நின்று, அழுத்தினால்தான் நகர்ந்தது. எலுவியா நோட்டில் சொல் எழுதி முடிக்கும்வரை மாமியார் காத்திருந்தார். தகரக் கூரையின் கீழ் சோளக்கூழ் கிண்டியபடி நினெத் பொறுத்துப் பார்த்தார்.

“மூணு வாரமா அந்தக் கிழவி டம்ளரத் தூக்கிக்கிட்டே நிக்கிறா. ஊத்தித் தொலைக்கச் சொல்லுடி, கை வலிக்கப்போகுது.”

மூன்றாவது நீட்சி ஸ்பானிஷ் வரியை மூடியே வைத்திருந்தது. தோற்றுப்போய்ச் சுட்டியை அதன் மேல் கொண்டுபோனால் மட்டும் காட்டியது. படம் பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய இம்சை இல்லை என்று நினெத் தீர்ப்புச் சொன்னார். எலுவியா மற்ற இரண்டையும் நீக்கிவிட்டு இதை வைத்துக்கொண்டார்.

“கம்பெனில எவனும் பேசும்போது கீழ எழுத்து ஓடாது அண்ணி.”

இரண்டு ஆண்டுகளில் அவர் கற்றது கொஞ்சம் கோணலான கொரியம். தொழிலதிபரின் மகனை மூன்று விதமாக நிராகரிக்கத் தெரியும். ‘பொத்தான்’ என்று சொல்லத் தெரியாது. நினெத்துக்கு அது போதுமான கேலி: “முதலாளி மகன் வந்து கேட்டாச் சொல்லு, நான் பாவாடை துணிமணி எடுத்து வைக்கிறேன்.”

இந்த மார்ச்சில், ஈஸ்டருக்கு ஒன்பது நாள் முன்பு, மேலாளர் குவாக்கும் இயந்திர மேற்பார்வையாளரும் எலுவியாவின் மேசையருகே நின்று பேசினார்கள். நெடும் பேச்சில் அவருக்குப் பிடிபட்டவை நான்கே சொற்கள்: இயந்திரம், விடுமுறை, லாரி, ரகசியம். நான்காவது எல்லா நாடகத்திலும் எல்லா வாரமும் வருவது.

கையிலிருந்த கால்சட்டையின் பிசிறை முழுதும் வெட்டி முடித்தார். தண்ணீர்க் கேனில் ஒரு டம்ளர் நிரப்பி, குவாக் திரும்பிப் போயிருந்த கண்ணாடி அறைக்குள் போனார். ஏழாம் வரிசையின் தையல் ஓசை நின்றது. டம்ளருடன் ஒரு பெண் நேராக வருவதைக் கண்ட குவாக், நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்தார். அவரும் அந்த நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்.

எலுவியா டம்ளரை மேசைமேல் வைத்தார். லாரி எந்தத் தேதியில் வருகிறது என்று கொரிய மொழியில் கேட்டார்.