படம் முடிந்த பிறகும் ஒரு குரல்

இது நடந்தது. நம்பாதவர்கள் கருத்தக்கண்ணனிடம் கேட்க முடியாது. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

நானும் அவனும் சுமை தூக்குகிறவர்கள். சிம்மக்கல்லில் இடிக்கப்போகிற பழைய தியேட்டரிலிருந்து நாற்பது மர நாற்காலிகளை ஒத்தக்கடைக் கல்லூரிக்கு ஏற்றிப் போனோம். இறக்கினால் கூடவே ஒரு உயரமான முக்காலி. நான் ஏற்றவில்லை. அவனும் ஏற்றவில்லை என்றான்.

மறுநாள் அங்கே ஒரு ஜெர்மன் சிரிப்புப் படம் காட்டப்போகிறார்கள். நூறு வருசத்துக்கு முந்தினது, மேடை நாடகத்தைப் படமாக்கியது, பேச்சே கிடையாது என்றார் படம் காட்டும் கல்லூரி ஆசிரியை தமிழ்வாணி மேடம். சரியாக ஓடுகிறதா என்று அன்றைக்கே ஓடவிட்டுப் பார்த்தவர், போன் வந்து வெளியே போனார். மணி 6.10.

மாமியாருக்குப் பயந்து ஒருத்தன் அலமாரிக்குள் ஒளிகிறான். கீழே தமிழ் எழுத்து ஓடியது. நாற்பது வயதுக்கு மேல் படித்தவன் நான். உதட்டை அசைத்துக் கூட்டினேன்.

“சங்கிலி மாப்ள, நீ எழுத்துக் கூட்டுறதுக்குள்ள படமே முடிஞ்சிரும். நான் சொல்றேன், கேளு.”

கருத்தக்கண்ணனுக்கு எழுத்தே தெரியாது. முக்காலியைத் திரைக்குப் பக்கத்தில் போட்டு ஏறி நின்றான்.

“இந்தா, தொப்பி விழப் போகுது.”

விழுந்தது. சிரித்தேன்.

“மாமியாக்காரி வாரா. கையில கொடை.”

வந்தாள். குடையோடு.

“முன்னாடியே பாத்துட்டியா?”

கதை மட்டும் ஓடியது. குரல் பெரிதாகிக்கொண்டே போனது...

பின்னால் ஒரு நாற்காலி... கிரீச். அப்புறம் வரிசையாக.

திரும்ப முடியவில்லை.

“எறங்குடா.”

திரை வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. வாய் மூடியிருந்தது.

குரல் வந்துகொண்டிருந்தது...

என் பக்கம் கையை நீட்டினான்.

என் கால் நகரவில்லை.

6.31. விழுந்தான்.

அதோடு அவன் பேச்சு போனது. தொண்டையில் கோளாறே இல்லை என்கிறார் டாக்டர். உதடு மட்டும் அசைகிறது. தியேட்டர் வாட்ச்மேன் விருமாண்டியிடம் விசாரித்தேன். பேசாத படக் காலத்தில் ஒரு ஆள் அந்த முக்காலியில் நின்றுதான் கதை சொல்வாராம். நின்றபடியே செத்தாராம்.

மறுநாள் ராத்திரி 8.05. ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் இருந்தேன். மேடம் போன் செய்தார்.

“ஒங்க கூட்டாளிக்கு முடியலன்னீங்களேண்ணே? படம் பூரா திரைக்குப் பின்னாலருந்து அவர்தான கதை சொன்னாரு. அலமாரிக்குள்ள மாட்டுன எடத்துல பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

“என்ன மேடம் சொன்னான்?”

“‘சங்கிலி மாப்ள, கதவத் தொற, மூச்சு முட்டுது’ன்னாரு. படம் முடிஞ்சும் விடலையே...”

கட்டிலைப் பார்த்தேன். அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. எழுத்துக் கூட்டுவது மாதிரி கூட்டிப் பார்த்தேன்.

க... த... வ...