வெட்ட விடாத மரத்தைப் பார்க்க மாப்பிள்ளையூரணிக்கு

எழுபதுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம் போன பயணம் இது. அப்பா விட்டுப்போன மானாவாரி நிலம் கோவில்பட்டிப் பக்கம் சும்மா கிடந்தது. 'பயிரோடு மரமும் வளருங்கள்' என்று ரேடியோ தினமும் பாடம் நடத்தியது. அப்படி வளர்த்தவர் யாராவது உண்டா என்று விசாரித்தபோது மாப்பிள்ளையூரணிச் செல்லையா பெயரைச் சொன்னார்கள்.

தூத்துக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். இறங்கி ஒரு மைல் நடை. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் பங்குனியில் யாரும் போய்விடாதீர்கள்.

செல்லையாவின் வரப்பெல்லாம் நாட்டுக் கருவேலமரம். இளங்கிளைகளில் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிட்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தருவைகுளத்துல வள்ளம் கட்டுதாங்கல்லா, அதுக்கு விலா எலும்பு மாதிரி விலாக்கட்டை வளைவா வேணும். அறுத்து வளைச்சா உடஞ்சிரும். வளைஞ்சே வளரணும். காயை ஆடு திங்கும். மழைக்கு முன்ன கிளையக் கழிச்சுட்டா கம்புப் பயிருக்கு நிழலடிக்காது" என்றார்.

அசந்துபோனேன். நான் போன அன்றுதான் முதல் மரங்களை வெட்டி வண்டியில் ஏற்றியிருந்தார். பல வருஷம் பொறுத்து வளர்த்தவை. தருவைகுளத்தில் ஓடாவி சவரிமுத்து, அதாவது படகு கட்டும் ஆசாரி, பாதி வள்ளத்தோடு காத்திருந்தார். நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். ஆறு மைல்தான். பாதி வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடி மறித்தது.

"இது கண்மாய்ப் புறம்போக்கு மரம் இல்லைன்னு தாசில்தார்ட்ட எழுதி வாங்கிட்டு வாரும்" என்றார் காவலர். தாசில்தார் முகாம் போயிருந்தார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. சாவடிச் சுவரில் 'வீட்டுக்கு ஒரு மரம் வளர்ப்போம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேதி கேட்டு சவரிமுத்து சைக்கிளில் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கட்டையைத் தடவினார். "கட்டை அருமையாத்தான் இருக்கு. ஆனா காத்து மாறுததுக்குள்ள வள்ளத்தை இறக்கணும் அண்ணாச்சி. நான் மலையாளத்துக் கட்டையே வாங்கிக்கிடுதேன். மனசுல வைக்காதீய" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கட்டைகளைச் சாவடியிலேயே இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்பினோம். செல்லையாவின் வயலில் ஒரு அரசாங்க ஜீப் நின்றது. இலவச மரக்கன்று! ஐப்பசி மழைக்கு வரவேண்டிய கன்று, பங்குனி வெயிலில் வதங்கி வந்திருந்தது. மார்ச்சுக்குள் வருஷக் கணக்கை முடிக்க வேண்டுமாம்.

"இத வளத்தா வெட்ட விடுவீயளா சார்?" என்று கேட்டார் செல்லையா.

"அது வேற டிப்பார்ட்மெண்ட்" என்றார் வந்தவர்.

ஜீப் போனதும் செல்லையா வரப்பில் குனிந்து, தன் கையால் விதைத்து முளைக்கவைத்திருந்த கருவேலங்கன்றுகளை வரிசையாகப் பிடுங்க ஆரம்பித்தார். பதறிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"விடுங்க. இப்பம் புடுங்குனா களை. வளந்துட்டா கவர்மெண்டு மரம்லா" என்றார்.

இதே எண்ணத்தோடு கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மண்ணைப் பற்றி விசாரிக்கும் முன், வெட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். டெல்லியில் திட்டம் போடுகிறவர்களுக்கும் ஒன்று. கன்று வேண்டாம் ஐயா, அதை நாங்களே முளைக்க வைத்துக்கொள்வோம். நட்டவன் வெட்டலாம் என்று ஒரு வரி சட்டம் போடுங்கள், போதும்.

என் நிலத்தில் அந்த வருஷம் வெறும் பருத்திதான் போட்டேன். வரப்பில் முளைத்த கருவேலத்தை நானே பிடுங்கினேன்.