மூன்று குருவித் தோரணம்

கோப்பாய்ச் சனத்துக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் முகத்தைத் திருப்பும். நாலாம் நாள் கிணற்றடியில் கதைத்துவிடும். நாகேஸ்வரி அந்தச் சாதிப் பிறவி இல்லை. ஒரே கோபத்தை ஆறு வருடம் வைத்திருந்தாள். அதற்காக அவள் ஒரு நாளும் வெட்கப்பட்டதும் இல்லை.

அவளுடைய தகப்பன் கனகசபாபதிக்குப் புகையிலைத் தோட்டம். ஆனால் பேர் வாங்கியது தோரணத்தில். கலியாணமோ சாவோ, குருத்தோலையை வெட்டிப் போட்டுவிட்டு அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓலையைக் கிழித்து மடித்துக் குருவி செய்து கயிற்றில் தொங்கவிடுவார். கலியாணத் தோரணத்தில் நாலு குருவி, தலை மேலே பார்க்கும். சாவீட்டுத் தோரணத்தில் மூன்றே மூன்று, தலை கீழே தொங்கும். ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். நாகேஸ்வரிக்குக் கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை. தகப்பனோடு இருந்து ஓலை மடித்தே முப்பத்தைந்து வயதானாள். அந்தக் கவலை தகப்பனுக்கு இருந்தது, அவளுக்கு இருக்கவில்லை.

அறுபத்தோராம் ஆண்டு ஐப்பசி மழைக்குள் கனகசபாபதி கண்ணை மூடினார். அழுதுகொண்டே அவருக்கான தோரணத்தை அவளே மடித்தாள். அவர்கள் வீட்டிலிருந்து றோட்டுக்குப் போக இருந்தது ஒரேயொரு ஒழுங்கை. அது ஏர்னெஸ்ட் மாஸ்ரரின் வளவு ஓரமாகப் போகிறது. மாஸ்ரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற வேதக்காரர். பரம்பரையாக எல்லாரும் நடந்த ஒழுங்கை தன்னுடைய காணி உறுதிக்குள் இருப்பதாக அவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, அந்த வருடம்தான் ஒரு படலை போட்டிருந்தார். அன்றைக்கு அவர் வீட்டில் செபக்கூட்டம், வெளியூர் ஆட்கள் வந்திருந்தார்கள். பறையோடு பிரேதம் இதாலே போக முடியாது என்று சொல்லிப் படலையைப் பூட்டிவிட்டார்.

அதனால் பாடை பின்பக்கத்து வெள்ள வயலால் போனது. தூக்கிய நாலு பேரில் தம்பிஐயா வரம்பில் வழுக்கினார். பாடையின் ஒரு மூலை சேற்றுக்குள் இறங்கியது, வெள்ளைச் சீலை சேறானது. வயலும் ஒழுங்கையும் தெரிகிற வேலி மூலையில் நாகேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒழுங்கைக்கென்று செய்த தோரணம் சுருட்டியபடியே திண்ணையில் கிடந்து காய்ந்தது. அடுத்த கிழமை துக்கம் விசாரித்து மாஸ்ரர் ஒரு பிஸ்கட் டின் அனுப்பினார். அவள் அதை நாய்க்குக் கொட்டினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம். அப்பா அந்த ஒழுங்கையாலே போகவேண்டும். எரிந்து சாம்பலாகிக் கீரிமலையில் கரைத்த மனிதர் இனி எங்கே போவது என்று அவளே தன்னைக் கேட்டதும் உண்டு. எண்ணத்தை மட்டும் விட்டாளில்லை.

அறுபத்தேழு ஆவணியில், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. ஏர்னெஸ்ட் மாஸ்ரர் அவள் வாசலில் வந்து நின்றார். மகள் வினிபிரட்டுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பகுதி கொழும்பு ஆட்கள். கடதாசிப் பூவும் ரிபனும் அவர்களுக்குக் கண்டு அலுத்துவிட்டதாம். தேவாலயத்தில் தாலி கட்டி முடிய, மாமரத்துக்குக் கீழே பந்தல் போட்டு, ஓலையாலும் வாழையாலும் கிராமத்து மாதிரிச் சோடித்து விருந்து வைக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஓலைக்கு நாகேஸ்வரியை விட்டால் ஆள் இல்லை.

"ஒழுங்கைக்கும் கட்டவேணுமோ மாஸ்ரர்?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. காரிலை வாற ஆக்கள் முன் கேற்றாலை வருவினம். ஊர்ச்சனம் ஒழுங்கையாலைதானே வருங்கள்."

படலையைத் திறந்து வைப்பீர்களோ என்றும் கேட்டாள். கலியாண நாளில் பூட்டுவார்களோ என்று அவர் சிரித்தார். ஆடுகிற மாட்டை ஆடிக் கற, பாடுகிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். நாகேஸ்வரியும் கூடச் சிரித்தாள்.

மச்சாள் இரத்தினம்மா ஓலை கிழிக்க உதவிக்கு வந்தாள். மடித்து வைத்த குவியலில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தவளுக்கு முகம் வெளிறிவிட்டது. மூன்று குருவி, தலைகீழ். அந்தப் பெட்டை உனக்கு என்ன பாவம் செய்தது என்று கேட்டாள்.

"பெட்டைக்கு நாலுதான் கட்டுவன். பந்தலுக்கும் நாலு, முன் கேற்றுக்கும் நாலு. அவளின்ரை கார் அதாலைதான் வரும். ஒழுங்கைக்கு மட்டும் மூண்டு. இது அப்பான்ரை."

இரத்தினம்மா கையிலிருந்ததைக் குவியலிலேயே திருப்பி வைத்தாள். பிறகு குந்தியிருந்து மற்ற ஓலையைக் கிழித்தாள்.

நாகேஸ்வரி சொன்னபடியே செய்தாள். வினிபிரட் இருக்கும் பந்தலுக்கு ஓலையில் கிளியும் பூவும் விசிறியும் செய்து, நாலு குருவியை நிமிர்த்திவிட்டுக் கட்டினாள். கொழும்புக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒழுங்கையில் கட்டும்போது மாஸ்ரர் வந்து அண்ணாந்து பார்த்தார். மூன்று தலைமுறையாகப் படித்த வேதக்காரக் குடும்பம்தான்; ஊர்ச் சாவீடுகளுக்குப் போன பழக்கம் இல்லை. தோரணத்துக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் வைப்பதில்லையே.

"பந்தலிலை குருவி மேலை பாக்குது. இஞ்சை ஏன் பிள்ளை கீழை பாக்குது?"

"வாற ஆக்களைக் குனிஞ்சு கும்பிடுது மாஸ்ரர்."

மாஸ்ரருக்கு அந்த விளக்கம் நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. கொழும்புச் சம்பந்தியைக் கையோடு கூட்டிவந்து அதையே சொன்னார்.

பின்னேரம் நாலு மணிக்கு ஊர் வந்தது. நாகேஸ்வரி தன் வேலிக்குள், ஆறு வருடத்துக்கு முன் நின்ற அதே இடத்தில் நின்றாள். சனம் தன்னைத் திட்டுமோ, இல்லாவிட்டால் வேதக்காரர் வீட்டுச் சங்கதிதானே என்று கவனிக்காமல் சோற்றுக்கு ஓடுமோ என்று வேலியோலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தவர் தம்பிஐயா. பட்டு வேட்டி, தோளில் சரிகைச் சால்வை. அவளுடைய வேலியடியில் இருந்த ஒழுங்கை முகப்பில் நின்றார், அண்ணாந்தார், எண்ணினார். பிறகு வேலிப்பக்கம் திரும்பி அவளைப் பார்த்தார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். பாடை தூக்க வரும்போது கட்டியதும் இப்படித்தான். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் தோரணத்தைப் பார்த்தார்கள், சால்வையை இடுப்பில் கட்டினார்கள்.  ஒழுங்கை முழுவதும் மெல்ல நடந்து போனார்கள்.

எதிர்கொள்ள வந்த மாஸ்ரருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஊரே தனக்கு மரியாதையாகச் சால்வையை இடுப்பில் கட்டி வருகிறது என்று நினைத்தார். படக்காரனைக் கூப்பிட்டு, தோரணத்துக்குக் கீழே அவர்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்தார். அந்தப் படம் அவர் வீட்டு விறாந்தையில் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வந்தவர்கள் எல்லாருக்கும் காட்டுவார். கடைசிவரைக்கும் ஒருவரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று விருந்து முடிந்து திரும்பும்போது தம்பிஐயா வேலியடியில் நின்றார்.

"பிள்ளை, உன்ரை அப்பாவைக் கொண்டு போயிட்டம். இண்டைக்கு ஒருதரும் வழுக்கேல்லை."

நாகேஸ்வரி வாய்விட்டு அழுதாள். ஆறு வருடத்தில் அதுதான் முதல் அழுகை, அதில் துக்கத்தைவிடச் சந்தோசம் கூட. பந்தலில் இன்னும் பாட்டுக் கேட்டது. அவள் கிணற்றடிக்குப் போய், பிரேதம் எடுத்த வீட்டில் குளிக்கிறமாதிரித் தலையோடு நாலு வாளி அள்ளி ஊற்றிக் குளித்தாள்.